நிறம் வராத வயதில் வந்த 107 சிலந்திகள்: சென்னை பார்சல், ஒரு நிகழ்வு ஆய்வு

2021 ஜூலைத் தொடக்கத்தில் சென்னை விமான நிலையச் சுங்கத்துறையினர் வெளிநாட்டு அஞ்சல் அலுவலகத்தில் ஒரு பார்சலைப் பிரித்தார்கள். போலந்திலிருந்து வந்தது, தென் மாவட்டத்து முகவரி ஒன்றுக்குப் போக வேண்டியது. உள்ளே ஒரு தெர்மாகோல் பெட்டி. பெட்டிக்குள் சில்வர் ஃபாயிலும் பஞ்சும் சுற்றிய சின்னச் சின்ன பிளாஸ்டிக் குப்பிகள். எண்ணிப் பார்த்ததில் 107. ஒவ்வொன்றிலும் உயிரோடு ஒரு சிலந்தி.

வன உயிரினக் குற்றத் தடுப்புப் பிரிவின் அதிகாரிகளும், இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்து விஞ்ஞானிகளும் வந்து பார்த்தார்கள். பிராக்கிபெல்மா, அஃபோனோபெல்மா ஆகிய இரண்டு பேரினங்களைச் (நெருங்கிய இனங்களின் தொகுப்பு) சேர்ந்த டரான்டுலாக்களாக, அதாவது மயிர் அடர்ந்த பெரிய சிலந்திகளாக, இருக்கலாம் என்பது அவர்களுடைய முதற்கட்டக் கணிப்பு. (செய்திக் குறிப்பில் இரண்டாவது பெயரின் முதல் எழுத்து விழுந்துபோய் 'ஃபோனோபெல்மா' என்று அச்சானது. பத்திரிகைகளும் அப்படியே போட்டன.) மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்கா பக்கத்து உயிர்கள், அருகிவரும் உயிர்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் பட்டியலில் இருப்பவை என்றார்கள். இறக்குமதி உரிமம் இல்லை, சுகாதாரச் சான்றும் இல்லை. ஆகவே 1962 சுங்கச் சட்டத்தின் கீழும் வெளிநாட்டு வர்த்தகச் சட்டத்தின் கீழும் பறிமுதல். வந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பிவிடலாம் என்று விலங்குத் தொற்றுத் தடுப்பு அதிகாரிகள் பரிந்துரைத்தார்கள். பார்சல் போலந்துக்குத் திரும்ப அஞ்சல் துறையின் கையில் ஒப்படைக்கப்பட்டது.

தங்கக் கடத்தலும், பாங்காக்கிலிருந்து சூட்கேஸில் வரும் பாம்பும் குரங்கும் சென்னை விமான நிலையத்துக்குப் பழகிப்போன செய்திகள். அந்த வரிசையில் இதுவும் ஒரு நாள் செய்தியாக வந்து போய்விட்டது. எனக்கு இந்த வழக்கு முக்கியமாகத் தெரிவதற்குக் காரணம் வேறு. உலகத்திலேயே அழகான நிறங்களுக்காக வாங்கப்படும் சிலந்திகள், அந்த நிறம் துளியும் இல்லாத வயதில்தான் எல்லை தாண்டுகின்றன. பிடிக்கிற அதிகாரியின் கண்ணும், சட்டத்தின் பட்டியலும், பொதுமக்களின் அக்கறையும் மூன்றுமே வளர்ந்த சிலந்தியை மனதில் வைத்து அமைந்தவை. குப்பியில் வருவதோ குஞ்சு.

குப்பிக்குள் இருந்தது என்ன

பிராக்கிபெல்மா என்றதும் வளர்ப்போர் நினைவுக்கு வருவது மெக்சிகோவின் சிவப்பு முழங்கால் டரான்டுலாதான். பசிபிக் கடலோர மாநிலங்களின் வறண்ட காட்டில், மண்ணில் வளை தோண்டி வாழ்வது. கரிய உடம்பு, கால் மூட்டுகளில் எரிகிற ஆரஞ்சுச் சிவப்பு. மெதுவாக நகரும், எளிதில் கடிக்காது. பெண் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலும் வாழும். ஆண் பருவமடைந்த பிறகு அதிக நாள் இருப்பதில்லை. வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் வைத்துப் பார்க்க இதைவிடப் பொருத்தமான சிலந்தி கிடையாது என்று வளர்ப்போர் சொல்வார்கள். அதன் கேடும் அந்தப் பொருத்தத்தில்தான் இருந்தது. காட்டிலிருந்து அள்ளிக்கொண்டு போனதால் 1985இலேயே இந்த இனம், அனுமதி இருந்தால்தான் வணிகம் என்ற சைட்டிஸின் இரண்டாம் பட்டியலுக்குள் வந்தது. தொண்ணூறுகளில் பேரினம் முழுவதையும் சேர்த்தார்கள்.

முட்டைப்பையிலிருந்து வெளிவரும் குஞ்சு கொத்தமல்லி விதை அளவுதான் இருக்கும். வெளிறிய பழுப்பு, வயிற்றில் கருமையாக ஒரு திட்டு. ஒவ்வொரு முறை தோலுரிக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கருமை ஏறும், மூட்டுகளில் நிறம் தலைகாட்டும். படத்தில் பார்க்கிற அந்தச் சிவப்பு முழுதாக வர ஆண்டுகள் ஆகும். ஆக, குஞ்சை வாங்குகிறவர் வாங்குவது பிற்பாடு வரப்போகிற நிறத்தை.

வியாபாரிக்கு இதில் ஆதாயம் உண்டு. வளர்ந்த டரான்டுலாவை அஞ்சலில் அனுப்பினால் அதிர்ச்சியில் வயிறு வெடித்துச் சாகலாம், பெட்டியும் பெரிதாகும், ஸ்கேனரிலும் தெரியும். குஞ்சுக்கு ஈரப்பஞ்சு வைத்த ஒரு குப்பி போதும். பல நாள் இரையில்லாமல் தாங்கும். குஞ்சாக இருக்கும்போது ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது. சற்று வளர்ந்த பிறகு உரித்த தோலை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். எல்லோருக்கும் வேண்டியது நெடுநாள் வாழும் பெண் என்பதால், ஒன்று வேண்டுமென்றால் ஐந்தாக வாங்குவது வழக்கம்.

அப்படிப் பார்த்தாலும் 107 என்பது ஒருவர் தன் வீட்டு அலமாரிக்காக வாங்குகிற எண்ணிக்கையாக எனக்குத் தோன்றவில்லை, பிரித்து விற்கிற எண்ணிக்கை. இன்னொரு பக்கம், ஒரே ஒரு பெண் சிலந்தியின் முட்டைப்பையிலிருந்து நூற்றுக்கணக்கில் குஞ்சு வரும். ஐரோப்பாவில் வீட்டிலேயே இனப்பெருக்கம் செய்து விற்போர் நிறைய. போலந்து, ஜெர்மனி, செக் நாடுகளில் இது திறந்த வெளியில் நடக்கும் பொழுதுபோக்கு. மெக்சிகோக் காட்டில் கை வைக்காமலே அந்தப் பெட்டி நிரம்பியிருக்க முடியும். அங்கே சட்டப்படி விற்கக்கூடிய ஒரு குஞ்சு, ஏற்றுமதி அனுமதியும் இறக்குமதி உரிமமும் இல்லாமல் சென்னைக்கு அஞ்சலில் ஏறிய நொடியில் கடத்தல் பொருளாகிவிடுகிறது. வளர்ப்போர் பலருக்கு இது அநியாயமாகப் படுகிறது. 'காட்டிலிருந்து எடுக்கவில்லையே, யாருக்கு என்ன நஷ்டம்' என்பது அவர்கள் கேள்வி. கேள்வி நியாயமானதுதான். ஆனால் காகிதம் இல்லாத குஞ்சு காட்டுத் தாய்க்குப் பிறந்ததா, தொட்டித் தாய்க்குப் பிறந்ததா என்று பார்த்துச் சொல்ல எந்த அதிகாரிக்கும் வழியில்லை. காகிதம் கேட்பது அதனால்தான்.

அடையாளம்

சாந்தோம் நெடுஞ்சாலையில் இருக்கும் விலங்கியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் பேரினத்தோடு நிறுத்திக்கொண்டதை அலட்சியம் என்று நினைக்க வேண்டாம். டரான்டுலாக்களை இனம் பிரிக்க வல்லுநர்கள் பார்ப்பது பெண்ணின் விந்துப்பை வடிவம், ஆணின் முன்கைக் குமிழ், உடல் மயிர்களின் வகை, நிறப்பட்டைகள். குஞ்சில் முதல் இரண்டும் உருவாகியிருக்காது, நான்காவது வந்திருக்காது. மயிரை வைத்துக் குடும்பத்தையும், அதிகம் போனால் பேரினத்தையும் ஊகிக்கலாம். அதற்கு மேல் சொன்னால்தான் சந்தேகப்பட வேண்டும்.

வளர்ந்த சிலந்தியிலேயே என்ன குழப்பம் நடந்தது என்று பாருங்கள். பல ஆண்டுகளாக உலகச் சந்தையில் 'பிராக்கிபெல்மா ஸ்மித்தி' என்ற பெயரில் விற்ற சிவப்பு முழங்கால் சிலந்திகளில் பெரும்பாலானவை உண்மையில் ஹமோரி என்ற வேறு இனம். மெக்சிகோ ஆய்வாளர்கள் மெண்டோசாவும் பிராங்கேயும் 2017இல் உடலமைப்பையும் டிஎன்ஏவையும் சேர்த்து ஆராய்ந்து இதைத் தெளிவாக்கினார்கள். அதே இருவர் பின்னர் பிராக்கிபெல்மாவையே இரண்டாகப் பிரித்து, சிவப்பு மூட்டு இல்லாத கூட்டத்துக்கு ட்லில்டோகாட்ல் என்று புதுப் பேரினம் வைத்தார்கள். சென்னைப் பெட்டி பிரிக்கப்பட்ட காலத்தில் இந்தப் பெயர் மாற்றம் இன்னும் சூடு ஆறாத சங்கதி.

பேரினத்தோடு நின்றால் என்ன குறைந்துபோகிறது? பிராக்கிபெல்மா விஷயத்தில் ஒன்றும் குறையாது, அந்தப் பேரினம் முழுவதும் பட்டியலில் இருக்கிறது. எந்த இனமாக இருந்தாலும் அனுமதி வேண்டும். அஃபோனோபெல்மாவின் கதை வேறு. அமெரிக்காவிலும் மெக்சிகோவிலும் பரவிக் கிடக்கும் பெரிய பேரினம் அது. அதில் சைட்டிஸ் பட்டியலில் இருப்பவை ஓரிரு இனங்கள்தான். 'அஃபோனோபெல்மா' என்று மட்டும் எழுதினால், 'பட்டியலில் இல்லாத இனம் இது' என்று வாதாட எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வாசல் திறந்தே இருக்கிறது. செய்திகளில் 107 சிலந்திகளும் ஒரே மூச்சில் 'சைட்டிஸ் சிலந்திகள்' ஆகிவிட்டன. வழக்கு விசாரணைக்குப் போயிருந்தால் இந்த இடத்தில்தான் இடறியிருக்கும். சுங்கத்துறை உரிமம் இல்லை, சுகாதாரச் சான்று இல்லை என்ற அடிப்படையில் பறிமுதல் செய்தது புத்திசாலித்தனம். அதற்கு இனப்பெயர் தேவையே இல்லை.

பேரினம் முழுவதையும் பட்டியலில் சேர்ப்பதன் நியாயம் இங்கே புரியும். ஒன்றைப்போல் ஒன்று தோன்றும் உயிர்களில் ஒன்றுக்கு மட்டும் காவல் போட்டால், அந்த ஒன்று மற்றவற்றின் பெயரில் தப்பிப்போகும். இந்தப் பாடத்தை நம் ஊர்ச் சிலந்திகளுக்கும் 2019இல் பொருத்தினார்கள்.

நம் பக்கத்து நீலம்

சென்னையிலிருந்து மும்பைக்குப் போகும் பழைய ரயில் பாதையில், ஆந்திராவின் அனந்தபூர் மாவட்டத்தில் குத்தி என்று ஓர் ஊர். அங்கே ரயில்வே மரக்கிடங்கில் கிடைத்த ஒரே ஒரு சிலந்தியை வைத்து, லண்டன் அருங்காட்சியக விலங்கியலாளர் ரெஜினால்ட் இன்னஸ் போகாக் 1899இல் பொசிலோதீரியா மெட்டாலிகா என்று பெயரிட்டார். விறகுக் கட்டைகளோடு ரயிலேறி வந்திருக்க வேண்டும், ஏனென்றால் அதன் வீடு குத்தி அல்ல. நூறாண்டுக்கு மேல் யாரும் அதைக் காட்டில் பார்த்ததாகப் பதிவில்லை. 2001இல் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட கிழக்குத் தொடர்ச்சி மலைக் காட்டில், மரப்பொந்துகளுக்குள் மறுபடி கண்டுபிடித்தார்கள். அறியப்பட்ட வாழிடம் 100 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு, அதிலும் விறகு வெட்டு, காடழிப்பு. 2008இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை 'மிக அருகிய இனம்' என்று வகைப்படுத்தியது.

மயிற்கழுத்து நீலம், அதன் மேல் வெள்ளைக் கோலம் போட்டது மாதிரி நரம்போடும் வரிகள், முன்னங்கால்களின் அடியில் மஞ்சள். மிரண்டால் காலைத் தூக்கி அந்த மஞ்சளைக் காட்டும். நீலத்துக்குச் சாயம் எதுவும் கிடையாது. மயிரின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுச் சிதறுவதால் வரும் நிறம். டரான்டுலாக்களின் குலத்தில் இப்படிப்பட்ட நீலம் குறைந்தது எட்டு முறை தனித்தனியாகத் தோன்றியிருப்பதாக 2015இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. குஞ்சிலோ வெறும் சாம்பலும் மங்கிய ஊதாவும்தான். ஒவ்வொரு தோலுரிப்பிலும் நீலம் ஆழமாகும். ஆண் முதிர்ந்த பிறகு அதில் பாதியை இழந்து வாடிவிடும்.

இந்தச் சிலந்தி இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வளர்ப்போரின் அலமாரிகளில் தாராளமாக இருக்கிறது. காட்டுயிரை வணிகத்துக்காக ஏற்றுமதி செய்ய இந்தியா இடம் கொடுப்பதில்லை. அப்படியிருக்க அவற்றின் பாட்டி எப்படி விமானம் ஏறினாள் என்பதற்கு ஒரே விடைதான் உண்டு: கடத்தல். அப்போது நம் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில் வண்ணத்துப்பூச்சிகள் இருந்தன, சிலந்தி ஒன்றுகூட இல்லை. இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் பொசிலோதீரியா பேரினம் முழுவதும் சைட்டிஸின் இரண்டாம் பட்டியலில் ஏறியது 2019இல்தான். அந்த முன்மொழிவைக் கொண்டுபோனவை இலங்கையும் அமெரிக்காவும். அதில் நம் பெயர் இல்லை என்பதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது.

இவை தமிழ்நாட்டுக்கு அந்நியம் இல்லை. சேலத்தின் பெயரை ஆங்கிலத்தில் தாங்கி நிற்கும் ஃபார்மோசா இனம் இதே பேரினம்தான். விழுப்புரம் மாவட்டம் செஞ்சிக்குப் பக்கத்தில், பக்கமலை காப்புக்காட்டில் நீலச் சிலந்தி தென்பட்டதாக 2020இல் பத்திரிகைச் செய்தி வந்தது. சென்னையிலிருந்து மூன்று, நான்கு மணி நேரப் பயணம். செய்தியில் காட்டின் பெயரை அச்சிட்டதைப் பற்றி எனக்கு இரண்டு மனம். ஊர்க்காரர்களும் வனத்துறையும் பெருமைப்பட ஒரு பெயர் வேண்டும்தான். ஆனால் மரப்பொந்தை விட்டு அதிகம் நகராத ஓர் உயிருக்கு ஊர்ப்பெயர் முகவரி மாதிரியே ஆகிவிடுகிறது.

கையாள்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்கக் கண்டத்து டரான்டுலாக்களில் பெரும்பாலானவை வயிற்று மயிரை உதறும். கண்ணில் பட்டால் மாதக்கணக்கில் உறுத்தும், கண் மருத்துவரிடம்தான் போக வேண்டும். நம் பொசிலோதீரியாவுக்கு அந்த மயிர் கிடையாது, பதிலுக்குக் கடி கடுமை. சாவு பதிவானதில்லை, ஆனால் தசைப்பிடிப்பு வலி சில நாள் கழித்தும் திரும்பத் திரும்ப வரும். பெட்டி பிரிக்கிறவருக்குக் கண்ணாடியும் கையுறையும் போதும்.

சட்டம், அன்றும் இன்றும்

2021இல் அயல்நாட்டுச் சிலந்தியைப் பொறுத்தவரை வன உயிரினச் சட்டத்துக்கு வாய் இல்லை. சுங்கத்தைத் தாண்டி வீட்டுக்குள் போய்விட்டால் கேட்க ஆளில்லை. 2020 ஜூனில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், அயல்நாட்டு உயிர்களை வைத்திருப்போர் தாமாகவே அறிவிக்கலாம் என்று ஒரு வாய்ப்புக் கொடுத்தது. அறிவித்தவர்களிடம் காகிதம் கேட்கவில்லை. நல்ல எண்ணம்தான், ஆனால் கடந்த காலத்தை வெள்ளையடிக்கவும் அது உதவியது.

வன உயிரினச் சட்டத்தின் 2022 திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்தது. சைட்டிஸ் பட்டியல் இப்போது நான்காம் அட்டவணையாகச் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. அதில் உள்ள உயிரை வைத்திருப்பவர் தெரிவித்துப் பதிவு செய்ய வேண்டும். குஞ்சு பொரித்தாலும், கை மாறினாலும், செத்தாலும் சொல்ல வேண்டும். 2024 பிப்ரவரியில் வந்த விதிகள் அதற்குச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தை வழியாக வைத்தன. அதே பார்சல் இன்று வந்தால் பெறுநர் மேல் இந்தச் சட்டமும் பாயலாம். முன்பு சுங்கக் கதவோடு முடிந்த பொறுப்பு இப்போது வீட்டு அலமாரி வரை நீள்கிறது. பதிவு செய்யாமல் சிவப்பு முழங்கால் வைத்திருக்கும் சென்னைவாசி இதைப் படித்தால், வன உயிரின முதன்மைக் காவலர் அலுவலகத்தைப் போய்ப் பார்ப்பது அவருக்கு நல்லது.

திருப்பி அனுப்பியது சரியா?

இந்த இடத்தில்தான் எனக்கு உடன்பாடில்லை. சைட்டிஸ் உடன்படிக்கை பறிமுதலான உயிரை ஏற்றுமதி நாட்டுக்குத் திருப்பவோ, காப்பகத்தில் ஒப்படைக்கவோ இடம் தருகிறது. திருப்புவதென்றால் அந்த நாட்டு அதிகார அமைப்போடு பேசி, அதன் கையில் ஒப்படைப்பது. அஞ்சலில் திருப்பினால் சரக்கு அனுப்பியவர் வாசலை நோக்கித்தானே போகும்? விற்றவருக்கு நஷ்டம் அஞ்சல் செலவு மட்டும்.

அதிகாரிகள் பக்கமும் நியாயம் இருக்கிறது. 107 குஞ்சுகளுக்கு இரை கொடுத்து, ஈரம் காத்து, ஆண்டுக்கணக்கில் வளர்க்க எந்தப் பூங்காவிடம் கேட்பது? வண்டலூரில் சிங்கத்துக்கும் யானைக்கும் இடம் தேடுகிற நிர்வாகத்திடம் போய் இருபத்தைந்தாண்டு வாழும் சிலந்திகளைக் கொடுத்தால் என்ன சொல்வார்கள்? மெக்சிகோக் காட்டில் விடவும் முடியாது. எந்தக் காட்டு வம்சம், எந்தெந்த இனம் கலந்தது, என்ன நோய் சுமந்தது என்று தெரியாததைக் காட்டில் விடுவது பாதுகாப்பு ஆகாது. வெளியே தப்பவிடுவது அதைவிட மோசம். புளோரிடாவில் தொண்ணூறுகளில் பின்புறம் சிவந்த மெக்சிகோ டரான்டுலா இனம் ஒன்று கிச்சிலித் தோட்டத்தில் குடியேறியதைக் கண்டுபிடித்தார்கள். இன்றுவரை அது அங்கேயேதான் இருக்கிறது. வெப்பமும் வறட்சியும் பழகிய அந்தச் சிலந்திக்குத் தென் மாவட்டத்துக் கரிசல் பூமி அவ்வளவு அந்நியமாக இராது. தொற்றுத் தடுப்பு அதிகாரிகளின் அவசரம் இந்தக் கோணத்தில் புரிகிறது.

என் வாதம் நடுவில் நிற்கிறது. பார்சல் நாட்டை விட்டுப் போகலாம், சாட்சியம் போகக் கூடாது. ஒவ்வொரு குப்பியையும் படம் எடுத்து, வகைக்குச் சில மாதிரிகளை ஆல்கஹாலில் எடுத்துவைத்தால் போதும். டிஎன்ஏ வரிசை மூலம் இனம் தெரியும், அஃபோனோபெல்மா கேள்விக்கு விடை கிடைக்கும். அடுத்த பெட்டியோடு ஒப்பிட்டு, ஒரே வளர்ப்புக் கூடத்திலிருந்து வருகிறதா என்றும் பார்க்கலாம். குஞ்சில் இல்லாத நிறத்துக்கு ஈடாக நம்மிடம் இருக்கும் ஒரே அடையாளம் இதுதான்.

இதற்குப் புது நிறுவனம் ஒன்றும் வேண்டாம். குற்றத் தடுப்புப் பிரிவு பெசன்ட் நகர் ராஜாஜி பவனில் இருக்கிறது, தொற்றுத் தடுப்பு நிலையம் பள்ளிக்கரணையில், விலங்கியல் ஆய்வகம் சாந்தோமில். விமான நிலையத்தில் பெட்டி பிரிக்கும் நாளிலேயே மாதிரியைச் சாந்தோம் மையத்தில் பதிவேட்டில் ஏற்றி, ரசீது எண்ணைப் பறிமுதல் குறிப்பில் எழுதுவதைக் கட்டாயமாக்க ஒரு சுற்றறிக்கை போதும். கிண்டியில் நெரிசல் இருந்தாலும் அன்று மாலைக்குள் போய்ச் சேர்ந்துவிடும்.